எட்டில் ஏழு

ஜூன் 3

அவருடைய தங்கைக்கு,

நீ அனுப்பிய இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். பைபிள் வசனங்களை எடுத்துவிட்டால் அதில் மிச்சம் "எப்படி இருக்கிறீர்கள் அண்ணி" என்ற ஒரே வரிதான். இரண்டாவதைப் பிரிக்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், நல்ல கனம். பீரோவில் வைத்துவிட்டேன்.

எப்படி இருக்கிறேன் என்றால், இருக்கிறேன். பல் செய்கிறேன். பல் டாக்டர் அச்சு எடுத்து அனுப்புகிறார், நான் வழக்கம்போல உள்ளறையில் உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன். உன் அண்ணன் செத்துப்போனார் என்பதற்காக ஊரில் யாருக்கும் பல் விழாமல் இல்லை.

துக்கத்துக்கு வந்த சபை மக்கள் எல்லோரும் ஆளுக்கொரு வசனம் எழுதிய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுவரில் ஆணி அடிக்க இடமில்லை. பீரோ மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். அவர்களையாவது பொறுத்துக்கொண்டேன். கல்லறையில் வைத்து நீ என் காதோரம் வந்து, "ஆண்டவர் தம்மோட தோட்டத்துக்கு நல்ல பூவாப் பாத்துப் பறிச்சுக்கிட்டார் அண்ணி" என்று சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மண் போட்ட கையைக்கூட நான் அப்போது கழுவியிருக்கவில்லை. "பூப் பறிக்க அவருக்கு என் வீடுதான் கெடச்சுதா? நீ கிளம்பு. இனிமே என் வீட்டுப் பக்கம் வராதே" என்று நான் கத்தியது அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது. கத்தியிருக்க வேண்டாம். ஆனால் கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இப்போது எழுதுவது பாப்பாவுக்காக. "அத்தைக்கு நம்ம மேல கோவமா அம்மா?" என்று தினமும் கேட்கிறாள். அவளுக்கு அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை என்று ஆக்கிவிட எனக்கு மனசில்லை. அதனால் கடிதம் எழுது. வீட்டுக்கு வராதே. போன் பண்ணாதே. உன் குரல் அப்படியே அவர் குரல். அதே இழுப்பு, அதே கமறல். அன்று நீ போனில் "அண்ணி" என்று ஆரம்பித்தபோது, அவர்தான் பேசுகிறார் என்று என் காது ஒரு நிமிஷம் நம்பிவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு இன்னொரு தடவை வேண்டாம்.

வசனம் எழுதாதே. ஒன்று வந்தாலும் கடிதம் அப்படியே திரும்பி வரும்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணுவது அவர் வேலை. இப்போது யாரும் பண்ணுவதில்லை. பாப்பா மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம் அவளாகவே சாப்பிட ஆரம்பித்துவிடுகிறாள். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

அண்ணி


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை அரிசி மூட்டையோடு மேலே வந்தது. இந்த மலை உச்சிக்குத் தபால் தனியாக வராது, சாமான் வண்டியில்தான் வரும். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வண்டிக்காரரின் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் பயந்துபோய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வசனம் எழுதக்கூடாது. சரி அண்ணி. எழுதமாட்டேன். ஆனால் நேற்று முழுக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்ல வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். அதை அடைத்துவிட்டால் என்னிடம் வேறு சரக்கே இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. அதனால் என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

வானிலை நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே வேலி போட்ட புல்தரை. புல்தரையில் ஒரு மழைமானி. பக்கத்தில் கால் வைத்த ஒரு வெள்ளை மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானிகள். ஆட்கள் என்று பார்த்தால் நானும் எங்கள் அதிகாரியும்தான். அவர் வெயில் அடித்தாலும் கம்பளியைக் கழற்றமாட்டார். கம்பளி சார் என்று நான் வைத்த பெயர் அவருக்கும் தெரியும்.

மணிக்கு ஒருமுறை வெளியே போய் வானத்தைப் பார்த்து, மேகம் எவ்வளவு என்று எழுத வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக வைத்துக்கொண்டு, எட்டில் மூன்று, எட்டில் ஐந்து என்று எழுதுவோம். கருவி ஏதும் கிடையாது, கண்தான். அதில் ஒரு சட்டம் உண்டு. வந்த புதிதில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். வானம் முழுக்க இருண்டு கிடந்தது, எட்டு என்று எழுதிவிட்டு உள்ளே வந்தேன். கம்பளி சார் என்னை மறுபடி வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையைக் காட்டினார்.

"அது என்ன?"

"ஓட்டை சார்."

"நீலம் தெரியுதா?"

"கொஞ்சூண்டு தெரியுது சார்."

"அப்போ ஏழு."

"இத்தனூண்டு ஓட்டைக்கா சார்?"

"ஓட்டையில என்னம்மா சின்னது பெரிசு? எங்கயாச்சும் நீலம் தெரிஞ்சா எட்டு போடக்கூடாது. ஏழு போடு."

அதுதான் சட்டம். முழுக்க மூடினால் மட்டுமே எட்டு. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, நேற்று அந்த ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு குருவி. தினமும் காலையில் மழைமானியின் விளிம்பில் உட்கார்ந்து, புனலில் ஒட்டியிருக்கும் துளிகளைக் குடித்துவிட்டுப் போகிறது. சர்க்கார் கணக்கில் சேர வேண்டிய மழை! நான் விரட்ட வேண்டும். விரட்டவில்லை. இன்று காலை எட்டில் நான்கு.

பாப்பாவுக்கு அத்தையின் முத்தம்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 20

அவருடைய தங்கைக்கு,

என்னை என்ன பச்சைப்பிள்ளை என்று நினைத்துவிட்டாயா? அந்தக் குருவி பைபிளில் எந்த அதிகாரத்திலிருந்து பறந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? பிதாவுக்குத் தெரியாமல் ஒரு குருவிகூடத் தரையில் விழாது, அதுதானே? ஞாயிறுப் பள்ளியில் எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். வசனத்தை நேராக அனுப்ப முடியாது என்றதும் குருவியின் காலில் கட்டி அனுப்புகிறாய். அடுத்த கடிதத்தில் காட்டுப் பூ வரும். அதற்கடுத்து ஆட்டுக்குட்டி வரும். எனக்குத் தெரியாதா உன்னை!

உண்மையில் திருப்பி அனுப்பத்தான் உறையை எடுத்தேன். பாப்பா விடவில்லை. அந்தக் கம்பளி சார் பேசுகிறதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். இப்போது காலையில் எழுந்ததும் வாசற்படியில் நின்று, "எட்டில் ரெண்டு!" என்று தெருவே கேட்கக் கத்துகிறாள். பால்காரர் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறார். எதிர்வீட்டு மாடி மறைக்கிற வானத்தைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். குருவி கூடாது.

அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

ஐயோ, அது நிஜமான குருவி! தினமும் வருகிறது. நான் என்ன பண்ணட்டும்? தான் வசனத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. தெரிந்தால் அண்ணிக்குப் பயந்து வேறு பக்கம் போயிருக்கும். கம்பளி சாரிடம் நீங்கள் எழுதியதைச் சொன்னேன். எப்போதும் சிரிக்காத மனுஷன் சிரித்துவிட்டு, "உங்க அண்ணி இங்க வேலைக்கு வரலாம், நல்லா கவனிக்கிறாங்க" என்றார்.

பாப்பாவிடம் சொல்லுங்கள்: மாடி மறைத்தால் மாடியைக் கணக்கில் எடுக்கக்கூடாது. தெரிகிற வானத்தை மட்டும் எட்டாக்க வேண்டும்.

சரி, குருவி வேண்டாம். சிலந்தி பரவாயில்லையா? வசனத்தில் அதுவும் எங்கோ வருகிறது, ஆனால் அவ்வளவு பிரபலமில்லை.

வெப்பமானிப் பெட்டியின் கதவு ஓரத்தில் ஒன்று வலை கட்டியிருக்கிறது. பெட்டியில் ஒரு தூசு இருக்கக்கூடாது, அதனால் துடைக்க வேண்டியது என் வேலை. செவ்வாய்க்கிழமை துணியோடு போனேன். அன்று மூடுபனி. வலையின் ஒவ்வொரு இழையிலும் பனித்துளி கோத்திருந்தது. காற்று அடித்தபோது மொத்தமாக ஆடியது, ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அண்ணி, நான் அளவு எடுக்கத்தான் போனேன். எதை அளக்க வந்தேன் என்பதே மறந்து நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து கம்பளி சார், "என்னம்மா, வெப்பமானி கதை சொல்லுதா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

அப்புறம் துடைத்தேன். வேறு வழியில்லை. மறுநாள் போனால் அதே மூலையில் மறுபடி வலை. "வாடகையும் குடுக்காது, காலியும் பண்ணாது" என்கிறார் சார். இப்போது அதன் மேல் துணி படாமல் சுற்றி மட்டும் துடைக்கிறேன். அவரும் பார்க்காத மாதிரி போய்விடுகிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வரி எழுத வருகிறது. பேனா முனையில் நிற்கிறது. எழுதவில்லை. உங்கள் நாத்தனார் எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் பாருங்கள்.

உங்கள் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது அண்ணி? அண்ணன் ஓட்டை வாளியில் ஓர் அவரைக்கொடி நட்டு ஜன்னலுக்குக் கீழே வைத்திருப்பதாக எனக்கு எழுதியிருந்தார். அது என்ன ஆயிற்று?

உங்கள் நாத்தனார்


ஜூலை 11

உனக்கு,

ஜன்னலைப் பற்றி ஏன் கேட்டாய் என்று உன் கடிதத்தை மேஜை மேல் விசிறி எறிந்தேன். அப்புறம் எடுத்து வைத்தேன். சொல்கிறேன்.

அவர் காய்ச்சலில் படுத்திருந்தது அந்த உள்ளறையில்தான். நான் வேலை பார்த்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தேன். கடைசிவரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் எல்லாம் முடிந்த அன்றைக்கே திரையை இழுத்து மூடினேன். அதன் பிறகு திறக்கவே இல்லை. டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். வாளிக்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்? செத்திருக்கும் என்று நினைத்தேன். அதைப் பார்க்கவும் எனக்கு இஷ்டமில்லை.

போன வாரம் பல் டாக்டர் ஒரு பல்லைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு இப்படி நடந்ததே இல்லை. பேங்க் மேனேஜருக்கு முன்பல். போனில் டாக்டர் சொல்கிறார், "என்னம்மா ஆச்சு உங்களுக்கு? மத்த பல்லெல்லாம் டீ குடிச்ச மாதிரி இருக்கு, இது மட்டும் இப்பத்தான் பால் குடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு. மனுஷன் வாயைத் தெறக்க மாட்டேங்கிறார்." எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பிறகு சிரிப்பும் வந்தது. பாவம், வாயைத் திறக்காமல் எப்படி அவர் கடனுக்கு இல்லை என்று சொல்வார்?

தப்பு என்னுடையதுதான். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் பார்த்தால் எல்லாம் வெளுப்பாகத்தான் தெரியும். வேலை கற்றுக்கொண்ட முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. திரையை மூடியதில் அதையும் மறந்திருக்கிறேன்.

அதனால் திறந்தேன். உனக்காக இல்லை, மேனேஜருக்காக.

ஜன்னலைக் காணோம். கம்பி முழுக்க அவரைக்கொடி. துணி துவைக்கிற கல்லிலிருந்து வழியும் தண்ணீர் அந்த வாளிக்குக் கீழேதான் போகிறது போலிருக்கிறது. வாளியின் ஓட்டை வழியாக வேர் கீழே இறங்கி, அதைக் குடித்துக்கொண்டு ஏறியிருக்கிறது. நான் திரையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அது அந்தப் பக்கம் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பூவும் விட்டிருக்கிறது. வெள்ளைப் பூ.

என் கையில் நிறப்பட்டைகள் இருந்தன. சாயல் சாயலாகப் பல் மாதிரித் துண்டுகள், ஒரு கோர்வை. ஏதோ யோசனையில் ஒன்றை அந்தப் பூவின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். மேனேஜருடைய பல் நிறம், அப்படியே. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவுகிற நிறம். நான் பொடியைக் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசி, சூளையில் வைத்து எடுத்தாலும் பத்தில் ஒரு தடவைதான் சரியாக வரும். அது பின்சுவர்ப் பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு பூவிலும் இருக்கிறது.

இவ்வளவு அழகாக இருக்கிறதே, யாரிடமாவது நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், கட்டில் காலி. கொடி நட்டவருக்குச் சொல்ல முடியாது. பூவுக்கு அந்த நிறம் கொடுத்தவரோடு நான் பேச்சுவார்த்தையில் இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுதேன். ஆத்திரத்தில் அழுதேனா, வேறெதிலா, தெரியவில்லை. பாப்பா வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இதுவும் காட்டுப் பூவா?" என்றாள். உன் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலையும் இவள் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள்.

பல்லை மறுபடி செய்து அனுப்பினேன். மேனேஜர் சிரிக்கிறாராம்.

திரையைத் திரும்ப மூடவில்லை.

அண்ணி


ஜூலை 29

உனக்கு,

மூன்று சனிக்கிழமை போய்விட்டது, பதிலைக் காணோம். அவ்வளவு பெரிய கடிதம் நான் யாருக்கும் எழுதியதில்லை. வண்டி வரவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? பாப்பா கேட்கிறாள். நானும்தான் கேட்கிறேன்.

குருவி வேண்டுமானாலும் எழுது. ஏதாவது எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வண்டியும் ஒழுங்காகத்தான் வந்தது. நீங்கள் அவரைப் பூவைப் பற்றி எழுதிய கடிதத்தைப் படித்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படித்து முடித்துவிட்டுச் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே முடியவில்லை. அண்ணன் செத்துப்போய்விட்டார் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை அண்ணி, கல்லறையில்கூட. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

உங்களுக்கு எழுதிய வசனமெல்லாம் உங்களுக்கு இல்லை. எனக்குத்தான். பயந்தவள் தனியாகப் போகும்போது சத்தம் போட்டுப் பாடிக்கொண்டே போவாளே, அந்த மாதிரி. பூவைப் பறித்தார் என்று நான் சொன்னதும் அப்படித்தான் வாயிலிருந்து வந்தது. நீங்கள் பாடாதே என்று சொல்லிவிட்டீர்கள். அப்புறம் குருவி, சிலந்தி என்று கொஞ்ச நாள் ஓட்டினேன். இப்போது அதுவும் நின்றுவிட்டது.

ஊரில் எல்லோரும் என்னை விசுவாசத்தில் உறுதியானவள் என்கிறார்கள். அந்த உறுதியானவள் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் "பிதாவே" வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

வானமும் அப்படியேதான் இருக்கிறது. மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. எட்டில் எட்டு, எட்டில் எட்டு, அதே எண்ணைத்தான் எழுதுகிறேன். நேற்று மத்தியானம் மேகக் கணக்கு எடுக்க வெளியே போனேன். ஒரே சாம்பல் நிறம். அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலியில் சாய்ந்து கீழே பார்த்தேன். மலைக்குக் கீழே ஏரியில் கைக்குட்டை அளவு ஒரு வெளிச்சம் நகர்ந்து போனது. தண்ணீர் மேலேயே போய், கரையேறி, படகுக் கொட்டகையின் தகரக் கூரையில் ஒரு நிமிஷம் பளிச்சென்று அடித்து, மறைந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது. முன்னால் என்றால் உங்களுக்கு அதைப் பற்றியே மூன்று பக்கம் எழுதியிருப்பேன். நேற்று எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உள்ளே போய் எட்டு என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

கம்பளி சார் ரசம் வைத்துக் கொடுத்தார். அவருடைய கம்பளியைக் கழற்றி என் மேல் போட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளைக்கு என்னை எழுதச் சொல்லாதீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 13

வாலு,

அவர் கூப்பிட்ட பெயரால் உன்னைக் கூப்பிடக்கூடாது என்று இத்தனை நாள் வீம்பாக இருந்தேன். வாலு, இங்கே பார். நீ எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன், நீ படி.

பிரிக்காமல் வைத்திருந்த உன் இரண்டாவது கடிதத்தை முந்தாநாள் பிரித்தேன். அதே வசனங்கள்தான். ஆனால் இந்தத் தடவை எழுதினவளை நினைத்துக்கொண்டு படித்தேன். அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு, மலை மேல் தனியாக உட்கார்ந்துகொண்டு, பயத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள் என்று புரிந்தது. அழ ஓர் ஆள் துணைக்கு வேண்டியிருந்தது உனக்கும்தான். நான் என் துக்கத்தை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு உன்னைத் துரத்திவிட்டேன்.

இப்போது உன் வேலையில் ஒரு தப்பைச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்தபோது நான் ஜன்னலோரம் வேலையில் இருந்தேன். இந்த அவரைக்கொடி இப்போது ரொம்ப அடர்ந்துவிட்டது, எனக்கு வெளிச்சமே வருவதில்லை. ஆனாலும் வெட்ட மனம் வரவில்லை. மேஜை மேல் அங்கங்கே காசு காசாக வெளிச்சம் விழும். நான் அச்சை அந்தக் காசுக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு நிறம் பார்க்கிறேன். வெளிச்சம் விழுகிற இடத்துக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், அங்கே இலைக்கும் இலைக்கும் நடுவில் கட்டாயம் ஒரு சந்து இருக்கும். சந்து இல்லாமல் வெளிச்சம் விழாது.

அப்படி இருந்துகொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். ஏரி மேல் கைக்குட்டை அளவு வெளிச்சம் போனது என்று எழுதியிருக்கிறாய். தகரத்தில் பளிச்சென்று அடித்தது என்றும் எழுதியிருக்கிறாய். ஏண்டி, மேலே ஓட்டை இல்லாமல் அது எங்கேயிருந்து வந்தது?

நீ ஒழுங்காகத் தேடவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலியில் சாய்ந்துகொண்டாய். எங்கோ ஒரு மூலையில் நீலம் இருந்திருக்கிறது. உன் சட்டப்படி அந்த நேரத்துக்கு எட்டு கிடையாது. ஏழு. நான் பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். நான் சொல்வதற்கு முன்னால் அவளே, "அம்மா, அத்தை தப்பாப் போட்டுட்டாங்க!" என்று குதித்தாள். கம்பளி சாரிடம் போய்ச் சொல், எங்கள் அண்ணி கண்டுபிடித்துவிட்டார் என்று. அவர் திட்டினால் வாங்கிக்கொள்.

நான் உனக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, வாலு. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. அவர் ஏன் போனார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பூ என்ற பேச்சு இன்னும் எனக்குப் பிடிக்காது. ஆனால் நான் திரையை மூடி வைத்திருந்தபோதும் ஒருத்தர் அந்தக் கொடிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதை இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் காயைப் பறித்துப் பொரியல் பண்ணினேன். தட்டில் போட்டதும் பாப்பா வழக்கம்போலக் கையைக் கூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. கண்ணை மூடினேன். ஆண்டவரோடு பேசி எத்தனை மாதம், எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கடைசியில் "இந்த அவரைக்காய்க்காக" என்று மட்டும் வந்தது. பாப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆமென்" என்று முடித்து வைத்தாள். சூடு ஆறிவிடும் என்ற கவலை அவளுக்கு.

உனக்கு ஆரம்பம் மட்டும் வருகிறது. எனக்கு நடுவில் ஒரு வார்த்தை வருகிறது. பாப்பாவுக்கு முடிவு வருகிறது. மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு ஜெபம் தேறிவிடும் போலிருக்கிறது.

அதனால் கேள். லீவு கிடைத்ததும் வீட்டுக்கு வா. உன் தலையணைக்கு உறை தைத்துவிட்டேன். வசனம் எழுதலாம், ஆனால் ஒரு கடிதத்துக்கு ஒன்றுதான். அந்தக் குருவி வசனத்தையே எழுது, எனக்கும் அதைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

அதுவரை போன் பண்ணு. ஆமாம், போன்தான். உன் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கும், தெரியும். நான் அழுதாலும் அழுவேன். நீ பேசிக்கொண்டே இரு. சாயங்காலம் நாங்கள் சாப்பிட உட்காருகிற நேரத்துக்குப் பண்ணு. போனை அவர் தட்டு வைக்கிற இடத்தில் வைக்கிறேன். நீ ஜெபம் பண்ணு.

"பிதாவே"க்கு மேல் ஒன்றும் வரவில்லையென்றால் பரவாயில்லை, வாலு. அன்றைக்கு வானம் எட்டில் எவ்வளவு என்று மட்டும் சொல். ஆமென் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

அண்ணி